‘லெஸ்கீவ்’ படத்தில் அந்த டீச்சர் செய்தது சரியா? (கதை முழுக்க வெளியே வரும்)

கல்லணைக்காரன்:
‘லெஸ்கீவ்’ பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள், முடிவு வரை போட்டு உடைக்கப்போகிறேன்.

அப்தெலத்தீஃப் கெஷீஷ் எடுத்த இரண்டாவது படம், 2004 ஜனவரியில் பிரான்சில் திரைக்கு வந்தது. பாரிசுக்கு வடக்கே சென் தெனியில் ஃப்ரான் முவாஸான் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே க்ரிமோ என்று ஒரு பையன், பதினைந்து வயது இருக்கும், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான், அப்பா சிறையில். கூடப் படிக்கும் லிதியா அவனுக்கு நேர் எதிர், வாய் ஓயாது. பள்ளியில் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு நாடக ஆசிரியர் மாரிவோ எழுதிய ‘காதலும் தற்செயலும் ஆடும் ஆட்டம்’ நாடகம் போடுகிறார்கள். லிதியாவுக்கு அதில் எஜமானி உடையில் வரும் வேலைக்காரி வேடம். அந்தப் பழங்காலத்துப் பாவாடையில் அவளைப் பார்த்ததிலிருந்து பையன் காலி. தன்னிடம் இருந்த பொருள்களை ரஷீதிடம் கொடுத்து, அவன் போடுவதாக இருந்த அர்லெக்கேன் என்ற வேலைக்காரன் வேடத்தை விலைக்கு வாங்கிவிடுகிறான், ஒத்திகை என்ற பெயரிலாவது அவளிடம் காதல் பேசலாமே என்று. ஆனால் நடிப்பு வரவில்லை. கதை இவ்வளவுதான்.

என் சண்டை அந்த பிரெஞ்சு டீச்சரைப் பற்றியது. ஒரு ஒத்திகையில் அவர் பிள்ளைகளுக்கு நாடகத்தை விளக்குகிறார். பணக்காரர் ஏழையாக வேடம் போட்டாலும் ஏழை பணக்காரராக வேடம் போட்டாலும் பிறந்த இடம் பேச்சிலும் நடையிலும் காட்டிக்கொடுத்துவிடும், கடைசியில் பணக்காரன் பணக்காரியைத்தான் காதலிக்கிறான், வேலைக்காரன் வேலைக்காரியைத்தான், இதில் தற்செயல் என்று ஒன்றும் கிடையாது, எல்லாரும் அவரவர் நிலைமைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்கிறார். சரி, நல்ல பாடம். அப்புறம் க்ரிமோ வந்து நிற்கும்போது அதே டீச்சர், உன்னை விட்டு வெளியே வா, சந்தோஷமாக நடி, இன்னொருத்தனாக மாறு என்று கத்துகிறார். எது சார் உண்மை? யாராலும் மாற முடியாது என்று பாடம் நடத்திவிட்டு, நீ ஏன் மாறவில்லை என்று வகுப்பு முன்னால் ஒரு பையனைக் கிழிப்பது என்ன நியாயம்? படத்தில் போலீஸ் வருகிறது, முரட்டு நண்பன் ஃபத்தி வருகிறான், ஆனாலும் க்ரிமோவை உண்மையில் உடைத்துப் போடுவது நல்லெண்ணம் கொண்ட இந்த டீச்சர்தான் என்பது என் கட்சி.

மீனலோசனி:
அநியாயத்துக்கு எழுதியிருக்கிறீர்கள் கல்லணை அண்ணா. நான் பள்ளியில் நாடகம் போட வைக்கிற ஆள், அதனால் எனக்கு அந்த அம்மாவின் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அவர் வந்தவுடனே கத்தவில்லை. க்ரிமோ தலையைக் குனிந்துகொண்டு, ரேஷன் கடையில் அட்டை நம்பர் சொல்வதுபோல வசனத்தை ஒரே மூச்சில் முணுமுணுத்துவிட்டு நிற்கிறான். அவர் நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொல்கிறார். அதே முணுமுணுப்பு. மறுபடி. மறுபடி. எதிரே லிதியா விசிறியோடு நிற்கிறாள், அவளுக்கும் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது. விழா நெருங்கிவிட்டது, நன்றாக நடித்துக்கொண்டிருந்த ரஷீத் காரணம் சொல்லாமல் விலகிவிட்டான், இந்தப் பையன் எதற்காக வந்தான் என்று டீச்சருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அதுதான் காட்சியின் வலி. அந்த இடத்தில் நான் இருந்தாலும் குரல் உயர்ந்திருக்கும்.

இன்னொன்று. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு யாரும் மாரிவோவைக் கொடுக்கவில்லை. 1730இல் எழுதிய பிரெஞ்சை அவர்கள் வாயில் வைத்து, அது உங்களுக்கும் சொந்தம் என்று சொன்ன ஒரே ஆள் அவர். லிதியா குடியிருப்பின் நடுவில், துணி காயும் ஜன்னல்களுக்குக் கீழே, அந்த வசனத்தைத் தன் சொத்து மாதிரி பேசிக்கொண்டு நடக்கிறாளே, அது யாரால் வந்தது?

சும்மா_ஒருத்தி:
நான் பார்க்கவில்லை, ஆனாலும் படித்துவிட்டேன், முடிவு தெரிந்தால் எனக்குப் பரவாயில்லை. ஒரே ஒரு கேள்வி. இதை எங்கோ ‘காதல் நகைச்சுவை’ என்று போட்டிருந்தார்கள். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அழுகாச்சிப் படம் போல இருக்கிறதே, சிரிப்பு வருமா வராதா?

கல்லணைக்காரன்:
வரும். நல்லாவே வரும். தொடக்கத்திலேயே லிதியா தையல்காரரிடம் உடைக்குப் பேரம் பேசுவதைப் பாருங்கள். பேசிய தொகைக்குப் பத்து யூரோ குறைகிறது, விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை, கடைசியில் அங்கே வந்து நிற்கிற க்ரிமோவின் பாக்கெட்டிலிருந்துதான் அந்தப் பத்து யூரோ வருகிறது. அப்புறம் லிதியாவும் கூட நடிக்கும் ஃப்ரீதாவும் ஒத்திகைக்கு யார் தாமதம், யார் அழைக்காத ஆளைக் கூட்டிவந்தது என்று போடும் சண்டை. ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் கத்துகிறார்கள், நடுநடுவே அம்மா மேல் சத்தியம், குர்ஆன் மேல் சத்தியம், பிறகு சண்டை முடிந்த கையோடு இரண்டு பேரும் அப்படியே திரும்பி பதினெட்டாம் நூற்றாண்டு மரியாதைப் பேச்சுக்குள் போய்விடுகிறார்கள். அந்தத் திருப்பத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பழைய புரொஜெக்டர்:
பிள்ளைகளே, டீச்சர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். அவர் நாடகத்தைப் பாதிதான் சொன்னார் என்பது என் எண்ணம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடகம் 1730 ஜனவரி 23 அன்று பாரிசில் இத்தாலிய நடிகர் குழு முதலில் மேடையேற்றியது. சில்வியா என்ற பணக்காரப் பெண்ணுக்குத் தொராந்த் என்பவனை நிச்சயம் செய்ய இருக்கிறார்கள். முன்பின் தெரியாதவனை எப்படிக் கட்டிக்கொள்வது, மறைந்திருந்து பார்க்கலாம் என்று அவள் தன் வேலைக்காரி லிஸெத்தோடு இடம் மாற்றிக்கொள்கிறாள். அந்தப் பக்கம் தொராந்த்தும் அதே யோசனையில் தன் வேலைக்காரன் அர்லெக்கேனோடு இடம் மாற்றிக்கொண்டு வருகிறான். இரண்டு பக்கத் திட்டமும் தெரிந்தவர்கள் அப்பா ஒர்கோனும் அண்ணன் மாரியோவும் மட்டும்தான், அவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். வேடம் போட்ட எஜமானும் எஜமானியும் ஒருவரை ஒருவர் வேலையாள் என்று நம்பிக்கொண்டே காதலில் விழுகிறார்கள், வேலையாட்கள் இரண்டு பேரும் எதிராளியைப் பெரிய இடம் என்று நம்பிக்கொண்டு விழுகிறார்கள். இதுவரை டீச்சர் சொன்னது சரி.

ஆனால் இரண்டாம் அங்கத்தின் முடிவில் தொராந்த் பொறுக்கமாட்டாமல் தான் யார் என்று சில்வியாவிடம் சொல்லிவிடுகிறான். அவள் அப்போதே தன் உண்மையைச் சொல்லியிருந்தால் நாடகம் அங்கே முடிந்தது. சொல்லவில்லை. தன்னை வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் கல்யாணம் கேட்கிறானா பார்ப்போம் என்று மூன்றாம் அங்கம் முழுக்க ஆட்டத்தை இழுக்கிறாள், அண்ணனைப் போட்டிக் காதலனாக நடிக்கவிட்டு அவனை வாட்டுகிறாள். அவனும் கேட்டுவிடுகிறான். குடும்பம், அந்தஸ்து, அப்பா என்ன சொல்வார், எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளி ஒரு வேலைக்காரியிடம் கையைக் கேட்கிறான். 1730இல். அவள் வேலைக்காரி இல்லை என்பது பார்க்கிற நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிடம் சுவர் இடிந்துதான் போகிறது, அடுத்த நிமிடம் மாரிவோ அதைத் திரும்பக் கட்டிவிடுகிறார், அது வேறு விஷயம். மாரிவோவே 1720இல் ஜான் லா என்பவர் பிரான்சில் நடத்திய வங்கித் திட்டம் கவிழ்ந்தபோது கையிலிருந்ததை இழந்தவர். ஒரே நாளில் மேலே இருப்பவன் கீழே வருவதைச் சொந்த வீட்டில் பார்த்த மனிதர், நிலைமை என்பது கல்லில் எழுதியது என்று அவ்வளவு சுலபமாக எழுதமாட்டார்.

கடைசியாக ஒன்று. லிதியா போடுவது லிஸெத் வேடம், க்ரிமோ வாங்கியது அர்லெக்கேன் வேடம். நாடகத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில் இருப்பவர்கள், கடைசியில் சேர்ந்தும் விடுகிறார்கள், வேஷம் கலைந்ததும் சிரித்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். டீச்சரின் கணக்குப்படி க்ரிமோவும் லிதியாவும் ஒரே குடியிருப்பு, ஒரே பள்ளி, ஒரே அளவு காசு, ஆகவே சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லையே? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

சும்மா_ஒருத்தி:
ஐயா, நாடகத்தையே கண்முன்னால் போட்டுவிட்டீர்கள். 👏

லாகூர்நெவ்_பெடியன்:
ஐயாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லிப் பார்க்கிறேன். நான் இருப்பது லா கூர்நெவ், படம் எடுத்த இடத்திலிருந்து பக்கத்து ஊர், பள்ளிக்கூடம் படித்ததும் 93 என்று எண் போட்ட இதே மாவட்டத்தில்தான். இங்கே எங்கள் ஆட்கள் நிறைய, சாமான் வாங்கப் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் போவோம், படுக்க 93க்கு வருவோம்.

ஒரே குடியிருப்பு என்றால் ஒரே வகுப்பு என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே அப்படி இல்லை. பதினைந்து வயதில், கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியின் கடைசி வருடம் முடியும்போது, வாத்திமார் கூடி உட்கார்ந்து இன்ன பிள்ளை பொது லிசே (மேல்நிலைப் பள்ளி) போகலாம், இன்ன பிள்ளை தொழில் லிசே போகலாம் என்று பிரிப்பார்கள். காகிதத்தில் குடும்பமும் சேர்ந்துதான் முடிவெடுக்கிறது. பிரெஞ்சில் கூட்டத்தில் கதைக்கத் தெரிந்த தாய் தகப்பன் என்றால் மறுத்துக் கதைத்து மாற்றலாம், மற்றவர்கள் கையெழுத்து வைத்துவிட்டு வருவார்கள். படத்தில் இருக்கிற பிள்ளைகள் அந்த வயதுக்குத்தான் கிட்ட நிற்கிறார்கள், யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, ஆனால் எனக்குப் பார்க்கும்போது அதுதான் மண்டைக்குள் ஓடியது. லிதியா வாய் உள்ளவள், வகுப்பில் கை தூக்குகிறவள், அவளுக்கு ஒரு கதவு திறக்கும். க்ரிமோ கடைசி வாங்கில் இருப்பவன். ஒரே கட்டடத்தில் இருந்தாலும் இரண்டு வருடத்தில் இரண்டு பேரும் வேறு வேறு பஸ் ஏறுவார்கள்.

மேடைப் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு, ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவோம். என்னை ஒரு வருடம் கட்டபொம்மன் ஆக்கினார்கள். வீட்டில் யாழ்ப்பாணத்துத் தமிழ், ரோட்டில் 93 பிரெஞ்சு, மேடையில் வரி, வட்டி, திரை என்று செந்தமிழ். பாதி விளங்காது. ஆனால் அந்த மீசையை ஒட்டிக்கொண்டு அந்தப் பேச்சைச் சத்தமாகச் சொன்னபோது எனக்குள்ளே ஏதோ நிமிர்ந்தது உண்மை. எனக்குப் பின்னால் ஆங்கிலேயன் வேடத்தில் நின்ற என் கூட்டாளிக்கு அது வரவே இல்லை, வியர்த்து வியர்த்துப் போய் கீழே இறங்கினான். அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், என் அம்மா ஊரில் ரீச்சர், அவன் வீட்டில் புத்தகமே கிடையாது. அகதியாக வந்தவுடன் எல்லாரும் உணவகத்துக் குசினியில்தான் நின்றார்கள், சம்பளம் ஒன்று, வாடகை ஒன்று. ஆனாலும் அது எங்கேயோ இருந்துகொண்டு வேலை செய்யும். ஐயா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

மீனலோசனி:
தம்பி, இதைத் தனி இழையாகவே போடலாம். அந்தக் கட்டபொம்மன் போட்டோ இருந்தால் அதையும்.

லாகூர்நெவ்_பெடியன்:
அக்கா, மீசை பாதி கழன்று தொங்குகிற படம் அது. வேண்டாம்.

கல்லணைக்காரன்:
தம்பி சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. பள்ளிதான் பிரிக்கிறது, அந்தப் பிரிப்பைச் செய்கிற கைகளில் ஒரு கை அந்த டீச்சருடையது. பியர் பூர்தியு, ழான் குளோத் பஸ்ரோன் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர்கள் இரண்டு பேரும் 1970இல் ஒரு புத்தகம் முழுக்க இதைத்தான் சொன்னார்கள், பள்ளி எல்லாருக்கும் ஒரே தேர்வு வைப்பதுபோல வைத்து, வீட்டிலேயே அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவனுக்கு மார்க் போடுகிறது என்று. டீச்சர் பிள்ளைகளுக்குச் சொன்ன விளக்கத்தைக் கேட்டால் பூர்தியுவைப் படித்தவர் போலத்தான் இருக்கிறது. படித்தும் க்ரிமோ முன்னால் நிற்கும்போது அதெல்லாம் எங்கே போனது?

இன்னொரு விஷயத்தையும் போட்டுவிடுகிறேன். ஒத்திகையில் அவன் லிதியாவை முத்தமிடப் போகிறான், அவள் நழுவிவிடுகிறாள், யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள். அதற்கப்புறம் அவள் யோசித்துக்கொண்டே இருக்கிறாள். படத்தின் பாதி நேரம் ஊரே அந்தப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, பழைய காதலி மகாலி வந்து சண்டை போடுகிறாள், ஃபத்தி வந்து மிரட்டுகிறான். ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைத் தனியாக உட்கார்ந்து யோசிக்க ஒரு மூலை கிடையாது. மாரிவோவின் நாடகத்தில் ஒரு பெரிய வீடு இருக்கிறது, ஒளிந்துகொள்ள அறைகள், பேசிக்கொள்ளத் தோட்டம். இவர்களுக்குக் கிடைத்த ஒரே தனி இடம் ஒரு கார், அதுவும் திருட்டு கார், அங்கேயும் போலீஸ் வந்துவிடுகிறது.

மீனலோசனி:
அந்த போலீஸ் காட்சியைப் பற்றி நிறையப் பேர் இது படத்துக்கு வெளியே நிற்கிறது, திணித்தது என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதுவரை நாம் பார்த்தது சத்தமாகப் பேசுகிற, கோபமும் சிரிப்பும் மாறி மாறி வருகிற பிள்ளைகள். போலீஸ் வந்தவுடன் அந்த வாயெல்லாம் அடைத்துப்போகிறது. எல்லாரையும் காரோடு சேர்த்துத் தள்ளிச் சோதனை போடுகிறார்கள், ஃப்ரீதாவிடம் நாடகப் புத்தகம் இருக்கிறது, அதைக் கூட சந்தேகப் பொருள் மாதிரி பார்க்கிறார்கள். படம் பிரெஞ்சு சினிமாவின் பெரிய விருதான சீஸர் விருது வாங்கியது 2005 பிப்ரவரி. அதே வருடம் அக்டோபர் 27 அன்று, அதே மாவட்டத்தின் கிளிஷி சூ புவாவில், போலீஸுக்குப் பயந்து ஓடி மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள், அப்புறம் மூன்று வாரம் பிரான்ஸ் எரிந்தது. படத்தில் திணித்ததாகச் சொன்னவர்கள் அப்போது என்ன நினைத்திருப்பார்களோ.

கல்லணை அண்ணா, ஒரு கேள்வி. ஃபத்தி ஃப்ரீதாவின் கையை முறுக்கி போனைப் பிடுங்குகிறானே, லிதியாவிடம் பதில் வாங்கித் தந்தால்தான் திருப்பித் தருவேன் என்று. அவன் உங்கள் வில்லன் பட்டியலில் ஏன் இல்லை? டீச்சர் குரலை உயர்த்தினார் என்பதற்கு இவ்வளவு கோபம், ஒரு பெண் பிள்ளையைச் சுவரோடு சேர்த்து மிரட்டியவனை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள்.

கல்லணைக்காரன்:
ஃபத்தியை யாரும் நல்லவன் என்று நம்பிக்கொண்டு உட்காரவில்லை, அதனால்தான். ஆனால் கேட்டது நியாயம்.

தறிக்காரர்:
ஒரு ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை, கேமரா முகத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டே இருக்கிறது, தலைவலி வந்துவிட்டது. வகுப்பு தாண்டிய காதல் வேண்டுமென்றால் லூகா பெல்வோ 2014இல் எடுத்த ‘பா சோன் ழான்ர்’ பாருங்கள். பாரிஸ் தத்துவ வாத்தியாரை வடக்கே அராஸ் என்ற ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள், வேண்டாவெறுப்பாகப் போகிறார், அங்கே முடிதிருத்தும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு பழக்கமாகிறது. பெண்ணுக்குச் சின்னப் பிள்ளை ஒன்று, வாரக் கடைசியில் தோழிகளோடு கரோக்கே. எமிலி டெக்கென் அந்தப் பெண்ணாகவே இருந்திருக்கிறார். வாத்தியார் கெட்டவர் இல்லை, புத்தகம் வாசித்துக் காட்டுகிறார், அன்பாகத்தான் இருக்கிறார். ஆனால் ஊர்த் திருவிழாவில் கூட வேலை செய்கிறவர் எதிரே வரும்போது, பக்கத்தில் நிற்கிற இவளை இன்னார் என்று அறிமுகப்படுத்தத் தோன்றவில்லை. அவ்வளவுதான். சண்டை இல்லை, அடி இல்லை. அந்த ஒரு காட்சியில் டெக்கெனின் முகத்தைப் பாருங்கள், டீச்சரின் பிரசங்கம் முழுவதும் அதில் இருக்கிறது. அதன் பிறகு அவள் எடுக்கிற முடிவை நான் சொல்லப்போவதில்லை.

சிரித்துவிட்டுப் போக வேண்டும் என்றால் 2009இல் வந்த ‘நெய்யி ஸா மேர்!’. ஷாலோன் சுர் சோனின் குடியிருப்புப் பையன், பாரிஸ் ஓரத்தில் பணக்காரர்களின் நெய்யியில் சித்தி வீட்டுக்கு வந்து சேர்கிறான், அந்த வீட்டுப் பையனுக்கு நாட்டின் அதிபராக வேண்டும் என்று கனவு (நெய்யிக்கு மேயராக இருந்து அதிபரானவர் சர்க்கோசி, தெரியும்தானே). வயலின் வாசிக்கிற பெண்ணிடம் காதல். எல்லாம் சுபம். பார்த்த மறுநாள் மறந்துபோகும்.

பழைய புரொஜெக்டர்:
அராஸ் படம் நல்ல படம்தான், ஆனால் அதில் வளர்ந்தவர்கள். நாற்பதை நெருங்கியவன் அறிமுகப்படுத்தாமல் நிற்பது கோழைத்தனம், அவனைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பதினைந்து வயதில் ஒருவன் வாயடைத்து நிற்பதை யாரைத் திட்டித் தீர்ப்பது?

சீஸர் என்று மீனா சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். அந்த வருடம் சிறந்த படத்துக்கான போட்டியில் ‘லே கோரிஸ்த்’ இருந்தது, பிரான்சில் மட்டும் எண்பது லட்சத்துக்கும் மேலே டிக்கெட் விற்ற படம். இயக்குநர் ழெனேயின் பெரிய பட்ஜெட் போர்க்காலக் காதல் படமும் இருந்தது. பெயர் தெரியாத பிள்ளைகளை வைத்துக் குறைந்த காசில் எடுத்த இது அவற்றைத் தாண்டிச் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, வளரும் நடிகை என்று நான்கை வாங்கியது. கெஷீஷ் தூனிஸில் பிறந்து ஆறு வயதில் நீஸுக்கு வந்தவர், முதலில் நாடக நடிகர். குடியிருப்புப் பையனுக்கு மாரிவோ எட்டுமா என்ற கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வி இல்லை.

நடித்த பிள்ளைகளின் பின்கதைதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது. லிதியாவாக நடித்த சாரா ஃபொரெஸ்தியே நட்சத்திரமானார், பிறகு 2011இல் சிறந்த நடிகைக்கான சீஸரும் வாங்கினார். ஃப்ரீதாவாக நடித்த சப்ரினா உவாசானி இன்றுவரை கைநிறையப் படங்களில் நடிக்கிறார். க்ரிமோவாக நடித்த உஸ்மான் எல்கர்ராஸுக்கு வாய்ப்புகள் வற்றிப்போயின, வீடில்லாமல் கழித்த காலத்தைப் பற்றி அவரே 2016இல் புத்தகம் எழுதினார்.

கல்லணைக்காரன்:
இதோ. இதற்கு மேல் என்ன வேண்டும்? வாய் பேசத் தெரிந்த பாத்திரம் மேலே போனது, வாயில்லாத பாத்திரம் தெருவுக்கு வந்தது. டீச்சர் சொன்னது பலித்துவிட்டது.

லாகூர்நெவ்_பெடியன்:
அண்ணா, அவசரப்படாதீர்கள். வேடத்தை விற்ற ரஷீத் இருக்கிறானே, அவனாக நடித்த ரஷீத் அமி இப்போது இயக்குநர். 2017இல் அவர் எடுத்த ‘லா மெலோதி’ பாரிஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிற கதை. அல்ஜீரியாவில் பிறந்தவர், அதே மாதிரி இடத்திலிருந்து வந்தவர்தான். ஒருவருடைய வாழ்க்கையை எடுத்து டீச்சரின் வாய்ப்பாட்டுக்குச் சாட்சி ஆக்கினால், பக்கத்திலேயே நிற்கிற மற்றவரையும் கூப்பிட வேண்டும்.

தறிக்காரர்:
அதே கெஷீஷ் 2013இல் கான் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய படத்தில் வேலை நேரம், கூலி பற்றித் தொழில்நுட்ப ஆட்கள் சங்கம் மூலமாகப் பகிரங்கமாகக் குறை சொன்னார்கள். வகுப்பு, வகுப்பு என்று படம் எடுக்கிறவரின் தளத்தில். இதையும் பதிந்துவிட்டுப் போகிறேன், திரும்பச் சண்டைக்கு வரமாட்டேன்.

மீனலோசனி:
கடைசிக் காட்சிக்கு வருவோமா? யாரும் தொடவில்லை. விழா நாள். முதலில் சின்னப் பிள்ளைகள் பறவை வேடத்தில் பாரசீகக் கவிஞர் அத்தாரின் ‘பறவைகளின் மாநாடு’ போடுகிறார்கள், அப்புறம் மாரிவோ. அர்லெக்கேனாக ரஷீத் திரும்பிவிட்டான், தாய்மார்கள் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், லிதியா ஜொலிக்கிறாள். க்ரிமோ வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். பிறகு வீட்டுக்குப் போய்விடுகிறான், லிதியா கீழே வந்து கூப்பிடுகிறாள், அவன் இறங்கி வருவதில்லை.

எல்லாரும் இதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. படம் முழுக்க அவள் பதில் சொல்லாமல் இழுத்தாள், ஊர் அவனை நெருக்கியது, டீச்சர் நெருக்கினார், ஃபத்தி நெருக்கினான். முதல் முறையாக அவனிடம் ஒருத்தி பதில் கேட்கிறாள், அவன் தரமாட்டேன் என்கிறான். அவனிடம் இருந்த ஒரே சொந்த முடிவு அதுதான். பேசமாட்டேன் என்பதும் ஒரு பேச்சுதானே.

பழைய புரொஜெக்டர்:
அழகாக இருக்கிறது, ஆனால் நம்பமாட்டேன். அவன் வெட்கத்தில் இருக்கிறான் அம்மா. அதற்கு முடிவு என்று பெயர் வைக்காதீர்கள்.

லாகூர்நெவ்_பெடியன்:
எனக்கு ஐயா சொல்வதுதான் சரியாகப் படுகிறது. என் கூட்டாளியும் அந்த நாடகத்துக்குப் பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடம் பக்கம் வரவில்லை. அதை யாரும் முடிவு என்று சொல்லவில்லை.

சும்மா_ஒருத்தி:
ஒரு மணி நேரமாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன், அடுப்பில் குழம்பு பிடித்துவிட்டது. இப்போது படம் பார்த்தே ஆக வேண்டும். டீச்சர் நல்லவரா கெட்டவரா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கல்லணைக்காரன்:
கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் குற்றவாளி என்பதை விடமாட்டேன். க்ரிமோவின் அறைச் சுவரில் என்ன இருக்கிறது என்று கவனித்தீர்களா யாராவது? பாய்மரக் கப்பல்கள், சிறையிலிருந்து வந்த ஓவியங்கள். ஒரு பள்ளி நாடகத்துக்கு நடிகன் மட்டுமா வேண்டும்? படுதா வேண்டும், விளக்கு வேண்டும், திரை இழுக்க ஆள் வேண்டும். இந்தப் பையனுக்கு வசனம் வரவில்லை என்றால் ஒரு தூரிகையைக் கொடுத்து, பின்னால் ஒரு துறைமுகம் வரை என்று சொல்லியிருந்தால் அவன் விழா அன்று ஜன்னலுக்கு உள்ளே நின்றிருப்பான். டீச்சருக்கு அது தோன்றவில்லை. அவர் வகுப்பில் பேசுகிறவனுக்கு மட்டும்தான் இடம்.

மீனலோசனி:
அண்ணா, அந்தக் கப்பல்களை வரைந்தது அவன் அப்பா. அவன் ஒரு கோடு கூடப் போட்டு நான் பார்க்கவில்லை.

கல்லணைக்காரன்:
திரை இழுக்கவாவது விட்டிருக்கலாம்.